அளந்த பிறகே அரைத்தார்கள்

சவர்டோ ரொட்டிக்கான செய்முறை எதை எடுத்தாலும் முதல் வரியிலேயே கிராம் கணக்கு வந்து நிற்கிறது. மாவு 500 கிராம், தண்ணீர் 350, ஸ்டார்ட்டர் 100, உப்பு 10. கடையில் வாங்கும் ஈஸ்ட் சேர்க்காமல், மாவையும் தண்ணீரையும் கலந்து தானாகப் புளிக்கவிட்டு (அதுதான் ஸ்டார்ட்டர்), அதில் பெருகும் நுண்ணுயிர்களைக் கொண்டே பொங்கவைத்துச் சுடும் ரொட்டி இது. டிஜிட்டல் தராசு இல்லாதவர் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்கிற தொனி அந்த எண்களில் இருக்கிறது. ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரியிலோ உத்திரமேரூரிலோ ஏதாவது ஒரு வீட்டில், ஏறக்குறைய இதே வகைப் புளிப்பு வாரத்துக்கு இரண்டு முறை தராசே இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. நாலு டம்ளர் புழுங்கலரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் மாவு பொங்கி நிற்கிறது. இட்லிக்குக் கைகொடுக்கும் டம்ளர் ரொட்டிக்கு மட்டும் ஏன் கைவிடுகிறது? கைப்பக்குவம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி அளக்கப்படும் பொருளைப் பற்றியது. முழு தானியத்தை முகந்து அளந்தால் எடை பெரிதாகப் பிசகாது, மாவை முகந்து அளந்தால் பிசகும். இட்லிக்கு யாரும் மாவை அளப்பதில்லை. அரிசியையும் உளுந்தையும் அளந்துவிட்டு, பிறகுதான் அரைக்கிறார்கள்.

தானியம் ஏன் பிசகுவதில்லை என்பதற்குப் பின்னால் அழகான ஒரு இயற்பியல் இருக்கிறது. 1960 வாக்கில் டொராண்டோவில் ஜி. டி. ஸ்காட்டும் லண்டனில் ஜே. டி. பெர்னாலும், ஒரே அளவுள்ள எஃகுக் குண்டுகளைப் பாத்திரத்தில் கொட்டினால் அவை எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று ஆராய்ந்தார்கள். சும்மா கொட்டினால் பாத்திரத்தின் கொள்ளளவில் சுமார் 60 சதவீதம், நன்றாகக் குலுக்கினால் சுமார் 64 சதவீதம். அதற்கு மேல் போக மறுத்தது. மிச்சமெல்லாம் இடைவெளிக் காற்று. குண்டு பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. கடுகளவு குண்டும் நெல்லிக்காயளவு குண்டும், பாத்திரம் போதிய பெரிதாக இருந்தால், ஒரே விகிதத்தில்தான் இடத்தை நிரப்புகின்றன. உருவம் மாறினால் விகிதம் கொஞ்சம் மாறும். 2004இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் தட்டையான மிட்டாய்களைக் கொட்டிப் பார்த்தபோது 70 சதவீதம் வரை நெருங்கியது. ஆக, ஒரே ரக அரிசியை ஒரே விதமாகக் கொட்டினால், படிக்குள் எவ்வளவு அரிசி எவ்வளவு காற்று என்பதை அரிசிமணியின் உருவமும் வழவழப்பும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. ஒரு லிட்டர் அரிசி 800 கிராமை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ நிற்கும். தோல் நீக்கிய உளுந்தும் ஏறத்தாழ அதே எல்லைக்குள் வரும். அதனால்தான் டம்ளர் கணக்கில் நாலுக்கு ஒன்று என்பது எடைக் கணக்கிலும் கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்றாகவே இருக்கிறது. கோதுமை வணிகத்தில் இந்த நிலைத்தன்மையை நம்பி ஒரு தரச்சோதனையே வைத்திருக்கிறார்கள். 100 லிட்டர் கோதுமை என்ன எடை நிற்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல சரக்கென்றால் 76 கிலோவுக்கு மேல் இருக்கவேண்டும். கொள்ளளவுக்கும் எடைக்கும் உள்ள உறவு அவ்வளவு உறுதியாக இருப்பதால்தான், அது கொஞ்சம் இறங்கினாலும் மணி சூம்பியிருக்கிறது என்று சந்தேகப்பட முடிகிறது.

அதே கோதுமையை அரைத்துவிட்டால் இந்த ஒழுங்கெல்லாம் போய்விடும். துகள் சிறுத்தால் அதன் எடை அதிவேகமாகக் குறைகிறது: விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒன்று. துகளும் துகளும் ஒட்டிக்கொள்ளும் விசையோ பாதியாக மட்டுமே குறைகிறது. அரிசிமணியில் எடை ஜெயிக்கிறது; மணி உருண்டு தன் இடத்தில் போய் உட்கார்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியும் அதற்குக் கீழும் உள்ள மாவுத்துகளில் ஒட்டுவிசை ஜெயிக்கிறது. துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உள்ளே பொந்துகளோடு நின்றுவிடுகின்றன. தட்டினால் பொந்து இடியும், சலித்தால் புதுப் பொந்து உண்டாகும். 240 மில்லி கப்பில் மைதாவை ஸ்பூனால் மெதுவாகப் போட்டு வழித்தால் சுமார் 120 கிராம். கப்பையே பாக்கெட்டுக்குள் விட்டு அள்ளினால் 150 கிராம் வரையோ அதற்கு மேலோ போய்விடும். கால் பங்கு வித்தியாசம். ரொட்டி மாவில் தண்ணீர் கால் பங்கு கூடினால் உருண்டை பிடிக்க வராமல் தட்டில் வழிந்தோடும். செய்முறைக்காரர்கள் தராசைக் கேட்பது வீண் பிடிவாதம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர்கள் சமையலறைக்குத் தானியம் மாவாகவே வந்து சேர்கிறது. அளப்பதற்குச் சரியான கட்டம் ஆலையிலேயே கடந்துபோய்விட்டது.

தராசு கிடைக்காத ஏழ்மையால்தான் நம்மவர்கள் படியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒருவர் சொல்லக்கூடும். கல்வெட்டுகள் வேறு கதை சொல்கின்றன. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் பேசுகிறார்கள். அவற்றில் ஏரி வாரியத்துக்குப் பக்கத்திலேயே பொன் வாரியமும் இருக்கிறது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று குன்றிமணி எடை வரைக்கும் பொன்னை நிறுத்துப் பார்த்த காலம் அது. அவ்வளவு நுட்பமான தராசை வைத்துக்கொண்டுதான் நெல்லைக் கலத்திலும் குறுணியிலும் நாழியிலும் முகந்து அளந்தார்கள். சோழர் காலக் கோயில் நிவந்தங்களின் பட்டியலைப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். அரிசி, பருப்பு, மிளகு, கடுகு, சீரகம், உப்பு, நெய், தயிர் எல்லாம் நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு, செவிடு என்று கொள்ளளவில் வருகின்றன. புளியும் சர்க்கரையும் பலம் கணக்கில், எடையில் வருகின்றன. வாழைப்பழம் எண்ணிக்கையில். இதில் ஒரு தெளிவான பாகுபாடு தெரிகிறது. உருண்டோடும் பொருளுக்கும் ஒழுகும் பொருளுக்கும் படி. ஒட்டிக்கொண்டு கட்டியாக நிற்கும் பொருளுக்குத் தராசு. ஒட்டுவிசை பற்றிய கணக்கு எதுவும் தெரியாமலே, எந்தப் பொருளைக் கொள்ளளவு ஏமாற்றும், எதை ஏமாற்றாது என்பதைப் பண்டாரத்துக் கணக்கர்கள் அனுபவத்தில் பிரித்து வைத்திருந்தார்கள். மாவு இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற பொருள்: பார்வைக்குக் கொட்டுகிற பொருள், குணத்தில் புளியின் சொந்தக்காரன்.

படி ஊருக்கு ஊர் மாறியதே, அதை எப்படி நம்புவது என்பது அடுத்த கேள்வி. மாறியது உண்மை. அதனால்தான் அரசர்கள் ராஜகேசரி மரக்கால் என்றும், தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடவல்லான் மரக்கால் என்றும் அளவைக்குப் பெயர் சூட்டி, இன்ன மரக்காலால் இத்தனை கலம் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். வரிக்கும் வாரத்துக்கும் வியாபாரத்துக்கும் படி மாறினால் ஒருவர் வயிறு காயும். தலைதட்டி அளப்பதா, கூம்பு வைத்து அளப்பதா என்பதிலேயே எவ்வளவு தகராறு! ஒரே கொள்ளளவுள்ள இரண்டு மரக்காலில் வாய் அகன்றதன் மேல் நிற்கும் கூம்பு மிகப் பெரிது. வாயின் அகலம் இரட்டித்தால் கூம்பு எட்டு மடங்காகும். அளக்கிறவன் உயரத்திலிருந்து கொட்டுகிறானா, படியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுகிறானா என்பதிலும் சில சதவீதம் ஏறி இறங்கும். இந்தத் தொல்லைகளெல்லாம் ஒருவர் அளந்து இன்னொருவர் வாங்கும் இடத்தில்தான். சமையலறையில் அதே டம்ளர், அதே கை, அதே தலைதட்டல். நாலு, ஒன்று என்கிற விகிதத்துக்கு டம்ளரின் அளவு தேவையே இல்லை. 1956ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு படியும் வீசையும் கடையை விட்டு வெளியேறியபோதும் ஆழாக்கு அடுப்படியில் தங்கிவிட்டது அதனால்தான். ஜப்பானியரும் மெட்ரிக் முறைக்கு மாறியவர்களே. ஆனால் ரைஸ் குக்கரோடு வரும் 180 மில்லி கப் அவர்களுடைய பழைய ‘கோ’ என்கிற அரிசி அளவைதான்.

இனி ரொட்டிக்கு வருவோம். கோதுமையை மாவாக்கும் முன்பே அளந்துவிட்டால் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். ஒரு லிட்டர் கோதுமை சுமார் 780 கிராம். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. எனவே மூன்று டம்ளர் கோதுமையை அரைத்த மாவுக்கு ஒன்றே முக்கால் டம்ளர் தண்ணீர் என்றால், அது எடைக் கணக்கில் 75 சதவீதம். டம்ளர் எந்த அளவாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. முழுக் கோதுமை மாவுக்கு அது பொருத்தமான ஈரம். மில்லில் மூன்று டம்ளரைக் கொடுத்தால் மெஷின் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், முன்னால் அரைத்தவரின் கேழ்வரகு கொஞ்சம் நம் பையில் வந்து சேரும் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். முப்பது டம்ளராக அளந்து கொடுத்து, வந்த மாவைப் பத்துச் சம பங்காகப் பிரித்துக்கொண்டால் அந்தப் பிழை கரைந்துபோகும். பாக்கெட் மைதாவுக்கும் இதே பங்கு பிரிக்கும் வழிதான்: ஒரு கிலோ என்று அச்சிட்ட பாக்கெட்டைச் சரிபாதியாகப் பிரித்தால் அரைக்கிலோ, தராசு வேலையை ஏற்கெனவே ஆலைக்காரர் செய்து முடித்திருக்கிறார். தண்ணீரைப் பொறுத்தவரை கிராம் கணக்கும் முழுப் பாதுகாப்பு தருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். இங்கே கல் இயந்திரத்தில் அரைபடும் கோதுமையில் மாவுச்சத்துத் துகள்கள் நிறையச் சிதைந்திருக்கும். சிதைந்த துகள் கூடுதல் தண்ணீர் குடிக்கும். அமெரிக்க மாவுக்கு எழுதிய 350 கிராமை இந்த மாவில் அட்சரசுத்தமாக நிறுத்து ஊற்றினாலும் மாவு கெட்டியாகவே நிற்கும். கடைசி இரண்டு கரண்டித் தண்ணீரைக் கைதான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது, தராசு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இட்லிக்கு இந்தத் தொல்லையும் குறைவு. ஊறவைத்த அரிசி தன் எடையில் கால் பங்கை ஒட்டி நீர் குடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். உளுந்து ஏறத்தாழ தன் எடைக்குச் சமமாகக் குடிக்கும். எவ்வளவு தண்ணீரில் ஊறப்போட்டாலும் மிச்சத்தை வடித்துவிடுகிறோம்.

ஸ்டார்ட்டரின் அளவில் பிசகு வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: அநேகமாக ஒன்றும் ஆகாது. நுண்ணுயிர்கள் இரட்டித்து இரட்டித்துப் பெருகுகின்றன. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால், ஸ்டார்ட்டரில் பத்து சதவீதம் குறைத்துப் போட்டவர் இழப்பது பத்து நிமிடம்கூட இல்லை. பாதியாகவே குறைத்துவிட்டாலும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தால் சரியாகிவிடும். அதே நேரத்தில் வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் புளிப்பின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தொடும் மதியத்துக்கும் மார்கழி ராத்திரியின் இருபது டிகிரிக்கும் இடையில் மணிக்கணக்கில் வித்தியாசம் வருகிறது. ஒரு கிராம் துல்லியத்தில் ஸ்டார்ட்டரை நிறுத்துப் போட்டுவிட்டு, பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பதா ஜன்னலோரம் வைப்பதா என்று யோசிக்காதவர், சில்லறையை எண்ணிவிட்டு நோட்டை எண்ணாதவர். 1965இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இட்லி மாவைப் பொங்கவைப்பதில் முக்கியப் பங்கு லூக்கனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்று காட்டினார்கள். அது உளுந்தோடும் அரிசியோடும் சேர்ந்தே வருவது; அதை யாரும் தனியாக அளந்து போடுவதே இல்லை. எவ்வளவில் தொடங்கினாலும் ஒரு ராத்திரிக்குள் அது பெருகிச் சரிக்கட்டிவிடுகிறது. சவர்டோவில் காட்டு ஈஸ்ட்டும் கூடச் சேருகிறது என்பதைத் தவிர இந்தக் கணக்கில் பெரிய மாற்றமில்லை.

உப்பு மட்டும் மன்னிக்காது. அது பெருகுவதும் இல்லை, வடிந்து போவதும் இல்லை; போட்டது போட்டதுதான். மாவின் எடையில் இரண்டு சதவீதம் என்பது வழக்கம். மூன்றாகிவிட்டால் புளிப்பு மந்தமாகும், வாயில் வைக்கவும் முடியாது. தூளுப்பு ஒரு தேக்கரண்டி தலைதட்டினால் ஆறு கிராம் அளவுக்கு வரும். மரக்காணத்துக் கல்லுப்போ கல் பெரிதாக இருந்தால் ஸ்பூனில் பாதி காற்று. மழைக்காலத்தில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். முன்பு சொன்ன குண்டுக் கணக்கு இங்கே செல்லாது. சிறு ஸ்பூனில் நாலு பெரிய கல்லை வைத்தால் ஓரங்களிலேயே இடம் போய்விடும். இதிலிருந்து தப்பிக்க ஒரு நல்ல வழி வேதியியலில் இருக்கிறது. 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அடியில் தங்கிவிடும். சர்க்கரையைப் போல் சூட்டுக்கு ஏற்ப இது பெரிதாக மாறுவதும் இல்லை. வெயில் காலத்திலும் பனிக்காலத்திலும் கிட்டத்தட்ட அதே 36. எனவே ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, இனிமேல் கரையாது என்று அடியில் உப்பு தேங்கி நிற்கும்வரை கல்லுப்பைப் போட்டுக் குலுக்கித் தெளியவைத்தால், மேலே நிற்கும் தெளிநீரில் 15 மில்லி மேசைக்கரண்டி ஒன்றுக்கு ஐந்து கிராமுக்குச் சற்றே குறைவான உப்பு எப்போதும் இருக்கும். கல் பெரிதோ சிறிதோ, ஈரமோ காய்ந்ததோ, அந்தக் கேள்வியே எழாது. 200 மில்லி டம்ளரில் மூன்று டம்ளர் கோதுமைக்கு, அதாவது சுமார் 470 கிராம் மாவுக்கு, இரண்டு மேசைக்கரண்டி உப்புநீர் என்றால் இரண்டு சதவீதம். அதோடு 26 மில்லி தண்ணீரும் வந்துவிடுவதால் அந்த அளவை ஒன்றே முக்கால் டம்ளரில் கழித்துக்கொள்ளவேண்டும். மலிவான சமையல் தராசுகள் ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. பத்து கிராம் உப்பில் ஒரு கிராம் பிசகென்றால் பத்து சதவீதம். உப்பைப் பொறுத்தவரை பாட்டில் தராசுக்குச் சளைத்ததில்லை.

எடைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு ஆர்க்கிமிடீஸ் இருக்கிறார். மிதக்கும் பாத்திரம் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது. தட்டையான அடியும் நேரான பக்கமும் உள்ள எவர்சில்வர் சம்புடம் ஒன்றை அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதற்குள் அரை லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, வெளித் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கோடு போடவேண்டும். பிறகு உள்ளே இருப்பதைக் கொட்டித் துடைத்துவிட்டு, அதே கோடுவரை அமிழும் அளவுக்கு மாவைப் போட்டால் உள்ளே இருப்பது 500 கிராம். சலித்த மாவா அமுக்கிய மாவா என்பது இதற்கு ஒரு பொருட்டே இல்லை. பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள சம்புடத்தில் ஒரு மில்லிமீட்டர் அமிழ்வு என்பது பதினோரு கிராம். கோட்டை ஒரு மில்லிமீட்டர் தப்பாகப் படித்தாலும் அரைக்கிலோவில் இரண்டு சதவீதம்தான் பிசகும். மாவு ஒரு பக்கமாகக் குவிந்தால் சம்புடம் சாயும், பரப்பிவிட வேண்டும். தினமும் செய்ய இது கொஞ்சம் கூத்துதான். ஆனால் ஒருமுறை செய்து, அந்த வீட்டு டம்ளரில் தன் கைப்படி அள்ளினால் எத்தனை கிராம் மாவு நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

இவ்வளவு சுற்றுவதற்கு நானூறு ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு தராசு வாங்கிவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. வாங்கலாம், அதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. தராசு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெரிந்திருந்தால் சரி. அது உள்ளே போகும் பொருளை மட்டுமே அளக்கிறது. புது உளுந்து ஒரு டம்ளர் போட்டால் மாவு நிறையக் காணும், பழைய உளுந்து அதே எடை போட்டாலும் காணாது என்பது கிரைண்டர் ஓட்டும் எவருக்கும் தெரியும். காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் வழவழப்பான ஒரு கூட்டுச் சர்க்கரையும்தான் என்பதை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1970களில் விளக்கியிருக்கிறார்கள். உளுந்து பழசானால் அந்தத் திறன் குறைகிறது. கிராமில் அது தெரியாது. வடைக்கு அரைத்த மாவில் ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கிறோமே, அது தெரிவிக்கும். மிதந்தால் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, வேண்டிய காற்று ஏறிவிட்டது என்று பொருள். சவர்டோ செய்பவர்களும் ஸ்டார்ட்டரில் ஒரு சொட்டை எடுத்து இதையேதான் செய்கிறார்கள். நேரான பக்கமுள்ள பாத்திரத்தில் மாவு நின்ற மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, இரட்டிப்பாகிவிட்டதா என்று பார்ப்பதும் அளவைதான், அதுவும் கொள்ளளவில்.

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி பச்சரிசியும் உளுந்தும் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மணிக்கணக்காக வேகிறது. அது நிவேதனம், எடை போட்டு விற்கும் பண்டமில்லை. அதே மாவட்டத்தில் ஒருவர் சவர்டோ ரொட்டியைப் பாக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கினால், 2009ஆம் ஆண்டு சட்ட அளவைச் சட்டப்படி நிகர எடையை அச்சிட்டாக வேண்டும். அந்த எடையைப் பார்க்க முத்திரையிட்ட தராசு வேண்டும். டம்ளரும் சம்புடமும் அங்கே செல்லாது.